பின்னால் கேட்கும் ‘டக், டக்’

ஓடும் காரின் பின்புறத்திலிருந்து ‘டக், டக்’ என்றோர் ஒலி வருகிறது. மெதுவாகச் சென்றால் மெதுவாக ஒலிக்கிறது; விரைந்தால் விரைகிறது; நின்றால் நின்றுவிடுகிறது. ஓட்டுபவர் இடப்பக்கச் சக்கரம் என்கிறார். பின் இருக்கையில் இருப்பவர் வலப்பக்கம் என்று சாதிக்கிறார். பட்டறைக்காரர் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘பேரிங் போய்விட்டது’ என்று தீர்ப்புக் கூறுகிறார். பேரிங்கை மாற்றிப் பணமும் கொடுத்தாயிற்று. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே மறுபடியும் ‘டக், டக்’!

இவ்வொலிக்குக் காரணம் டயரின் பள்ளத்தில் சிக்கிய ஒரு சிறு கல்லாகவும் இருக்கலாம். கழன்று விழப்போகும் சக்கரமாகவும் இருக்கலாம். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் ஒன்றைப் பேனாக் கத்தியால் நெம்பி எடுத்து எறிந்துவிடலாம். மற்றதைக் கவனியாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் பிரித்தறிவது எப்படி? வட்டத்தின் சுற்றளவு காணத் தெரிந்த எவரும் இதைச் செய்ய முடியும்.

காது ஏன் ஏமாறுகிறது?

ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை நம் மூளை இரு காதுகளுக்கும் இடையே உள்ள சிறு வேறுபாடுகளைக் கொண்டு கணிக்கிறது. இடப்பக்கத்து ஒலி இடக் காதைச் சற்று முன்னதாகவும் சற்று உரக்கவும் அடைகிறது. இந்தக் கால வேறுபாடு மிகுதியாய்ப் போனாலும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. திறந்த வெளியில் இக்கணிப்பு வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருக்கும். காருக்குள் அப்படியன்று. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். எஃகில் சுமார் 5,000 மீட்டர். சக்கரத்தருகே பிறக்கும் ஒலி எஃகுக் கூட்டின் வழியே ஓடி, தரைத் தகடு, கதவு, பின்பெட்டியின் மூடி ஆகிய எல்லாவற்றையும் அதிரச் செய்கிறது. நாம் கேட்பது அந்தத் தகடுகளின் ஒலியைத்தான். போதாக்குறைக்குக் கண்ணாடிகளில் பட்டு எதிரொலிக்கவும் செய்கிறது. ஆகவே ‘எங்கே?’ என்ற கேள்விக்குக் காது சொல்லும் விடையை நம்ப வேண்டாம்.

ஆனால் ‘எத்தனை முறை?’ என்று கேட்டுப் பாருங்கள். காது பொய் சொல்லாது. எஃகுத் தகடு ஒலியின் இடத்தை மறைக்கலாம். எண்ணிக்கையை மாற்ற முடியாது.

எடுத்துக்காட்டாக ஒரு காரை மனத்தில் வைத்துக்கொள்வோம். 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரே இதற்கு மிகவும் ஏற்றது. காரணம், ஒலி எழுப்பக்கூடிய உறுப்புகள் அனைத்தும் அதன் பின்புறத்தில் உண்டு! எஞ்சின் முன்னால் இருக்கிறது. அது ஓட்டுவதோ பின் சக்கரங்களை. கியர் பெட்டியிலிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்னும் நீண்ட குழாய்த் தண்டு காரின் அடியில் பின்னோக்கி ஓடுகிறது. அதன் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயிண்ட் என்னும் வளையும் மூட்டுகள் உள்ளன. தண்டின் பின்முனை டிஃபரன்ஷியல் பெட்டியில் பினியன் என்னும் சிறு பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியன், கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அங்கிருந்து இரு அச்சுத் தண்டுகள் வலமும் இடமுமாகச் சக்கரங்களுக்குச் செல்கின்றன. இந்த அமைப்பு முழுவதும் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. சக்கரத்துக்குள் பிரேக் டிரம்மும் ஷூக்களும் இருக்கின்றன. இன்றும் ஜீப் வகை வண்டிகள் பலவற்றிலும் லாரிகளிலும் ஏறக்குறைய இதே அமைப்பைக் காணலாம்.

இருபது மீட்டர்ச் சோதனை

பினியனில் 9 பற்களும் கிரவுனில் 41 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். 41-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் நாலரை. அதாவது சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நாலரை முறை சுற்றிவிடும். இந்த ஒரு வேறுபாடே நமக்குப் பெரும் துணை.

முதலில் டயரின் பக்கவாட்டில் தரையைத் தொடும் இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு நேரே தரையிலும் ஒரு கோடு. கோடு மறுபடி கீழே வரும்வரை காரைத் தள்ளி, கடந்த தூரத்தை அளந்தால் அதுவே சக்கரத்தின் சுற்றளவு. நடுத்தரக் கார்களில் இது 2 மீட்டரையொட்டி இருக்கும். நமக்குச் சரியாக 2 மீட்டர் கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். இப்போது போக்குவரத்தில்லாத சமதளச் சாலையில் 20 மீட்டர் தூரத்துக்கு இரு எல்லைக் கோடுகள் போடுங்கள். ஒருவர் நடை வேகத்தில் காரை ஓட்டட்டும். உள்ளே இருக்கும் மற்றொருவர் முதற்கோட்டிலிருந்து இரண்டாம் கோடு வரை ஒலிகளை எண்ணட்டும். கடிகாரமும் வேண்டாம், வேகமானியும் வேண்டாம். வேகம் கூடினாலும் குறைந்தாலும் 20 மீட்டரில் சக்கரம் சுற்றுவது 10 முறைதான். எண்ண முடியாத அளவுக்கு ஒலி விரைவாக இருந்தால் கைப்பேசியில் பதிவுசெய்து பிறகு நிதானமாகக் கேட்டு எண்ணலாம். அந்தக் கருவி இதற்கும் உதவும்.

எண்ணிக்கை 10 என்றால், சக்கரத்தோடு சக்கரமாகச் சுழலும் ஏதோ ஒன்று ஒலிக்கிறது. 45-ஐயொட்டி வந்தால் குற்றவாளி புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் பக்கம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் ஒலிக்கும் சுழற்சிக்கும் தொடர்பில்லை. ஸ்பிரிங், புகைக்குழாய் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

10-க்கும் குறைவாக, 4 அல்லது 6 என்று வந்தால்? சக்கரத்தைவிட மெதுவாகச் சுழல்வது அங்கே என்ன இருக்கிறது என்று திகைக்க வேண்டாம். பெரிய பாறையை உருளைக் கட்டைகளின் மேல் வைத்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாறை இரண்டடி நகர்ந்தால் கட்டை ஓரடிதான் நகரும். பேரிங்கிலும் இதே கதைதான். சுழலும் வளையத்துக்கும் நிலையான வளையத்துக்கும் நடுவே உருளும் குண்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் கூண்டோடு சேர்ந்து, ஏறக்குறையப் பாதி வேகத்தில்தான் சுற்றிவருகின்றன. உள்வளையம் சுழலும் பேரிங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், வெளிவளையம் சுழல்வதில் சற்று மிகுதியாகவும் இருக்கும். ஆகவே பத்துச் சுற்றுக்கு நான்கு அல்லது ஆறு ‘டக்’ என்றால் பேரிங்கின் கூண்டையோ ஒரு குண்டையோ ஐயுறலாம். பொதுவாகப் பேரிங் தேய்ந்தால் ‘டக்’கென்று ஒலிப்பதைவிட ‘உர்ர்’ என்று உறுமுவதே அதிகம். எல்லாப் பழியையும் பேரிங்கின் மேல் போடுவது சரியல்ல என்பது இதனால் விளங்கும்.

சுற்றுக்கு ஒன்று

எண்ணிக்கை பத்தாக வந்ததா? உடனே காரை நிறுத்தி இறங்கிச் சக்கரங்களைப் பாருங்கள். டயர்ப் பள்ளத்தில் கல்லோ ஆணியோ இருக்கிறதா? இருந்தால் தார்ச் சாலையில் மட்டும் ஒலித்து, மணலில் ஓடும்போது மறைந்துவிடும். கல் இல்லையேல் சக்கரத்தின் நடுவே உள்ள பளபளப்பான மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பாரம் ஏறும்போது சக்கரத் தகடு மிகச் சிறிதளவு வளைகிறது. பிடி தளர்ந்த மூடி சுற்றுக்கொருமுறை ‘டிக்’ என்கிறது.

மூடியைக் கழற்றும்போதே செய்யவேண்டிய முதற் காரியம், சக்கர நட்டுகளை ஸ்பானரால் சோதிப்பது. மற்ற சோதனைகளை நாளைக்கு ஒத்திப்போடலாம். இதை ஒத்திப்போடக் கூடாது.

சக்கரத்தைத் தாங்குபவை அதன் துளைகளில் நுழைந்திருக்கும் திருகாணிகளே என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நட்டுகளை இறுக்கும்போது திருகாணிகள் மிகச் சிறிதளவு நீண்டு, விறைத்த ஸ்பிரிங்குகளைப்போல் சக்கரத்தை அதன் பின்னுள்ள ஹப்போடு அழுத்திப் பிடிக்கின்றன. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வே காரின் பாரத்தையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குகிறது. நட்டு தளர்ந்தால் உராய்வு போய்விடுகிறது. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழை வழுக்கி ‘டக்’ என்கிறது. இப்போது பாரம் முழுவதும் திருகாணிகளின் மேல் குறுக்காக விழுகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் முறிவதுபோல அவை ஒவ்வொன்றாகக் களைத்து முறிகின்றன. ஒன்று முறிந்தால் மற்றவற்றுக்குப் பளு கூடுகிறது. அதனால் அடுத்தவை இன்னும் விரைவாக முறியும். ஒலி தொடங்கியதற்கும் சக்கரம் கழல்வதற்கும் இடையில் எத்தனை கிலோமீட்டர் என்று யாராலும் சொல்ல முடியாது.

அண்மையில் பஞ்சர் ஒட்டியோ டயர் மாற்றியோ இருந்தால் இந்த ஐயம் மேலும் வலுக்கும். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையே சிக்கிய துரு, மண், புதுப் பெயிண்ட் ஆகியவை ஓட ஓட நசுங்கும். அதனால் இறுக்கம் தளரும். சக்கரம் மாற்றியபின் நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். நட்டுகளை வரிசையாக இறுக்காமல், ஒன்றுவிட்டு எதிரெதிராக இறுக்க வேண்டும். மற்றோர் எச்சரிக்கை: சில பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடஞ்சுழி மரை உண்டு. அவற்றை வழக்கம்போல் திருகினால் இறுகாது, கழலும்!

நட்டுகள் சரியாக இருந்தும் ஒலி நீடித்தால், ஓடும்போது பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஒலி மாறினால் டிரம்முக்குள் ஏதோ உள்ளது. உடைந்த ஸ்பிரிங்காக இருக்கலாம், கழன்ற லைனிங்காகவும் இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டுமே ‘டக்’ என்று கேட்பதற்கு ஒரு விசித்திரமான காரணமும் உண்டு. தேய்ந்த டிரம்மை லேத்தில் கடைந்து மழமழப்பாக்குவார்கள். கடையும் உளி அவசரமாக நகர்ந்தால் டிரம்மின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத திருகு மரை ஒன்று வெட்டப்பட்டுவிடும். பிரேக் பிடித்ததும் ஷூ அந்த மரையைப் பற்றிக்கொண்டு, நட்டு போல்ட்டில் ஏறுவதுபோல், பக்கவாட்டில் நகர்கிறது. ஓரளவுக்கு மேல் நகர முடியாமல் மரையிலிருந்து வழுக்கித் தன் இடத்துக்குத் துள்ளுகிறது. ‘டக்’! பிறகு மறுபடியும் ஏறத் தொடங்குகிறது. எந்த உறுப்பும் உடையவில்லை, தேயவில்லை. கடைந்தவர் சற்றுப் பொறுமையாகக் கடைந்திருந்தால் போதும்.

சுற்றுக்கு நாலரை

எண்ணிக்கை 45-ஐ நெருங்கினால் பெரும்பாலும் யுனிவர்சல் ஜாயிண்ட்தான். இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோவின் பெயரால் சில நாடுகளில் இது கார்டான் மூட்டு எனப்படுகிறது. ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் ஹூக் 1676-இல் இதை விளக்கி எழுதினார். மோட்டார் வண்டிக்கு ஏற்ற வடிவத்துக்கு அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903-இல் காப்புரிமை பெற்றார். கார் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின் அச்சும் மேலும் கீழும் அசைகிறது. கியர் பெட்டியோ அசைவதில்லை. இரண்டையும் இணைக்கும் தண்டு சுழன்றுகொண்டே வளைந்துகொடுக்க வேண்டுமல்லவா? அதற்காகவே சிலுவை வடிவ உறுப்பும் அதன் நான்கு முனைகளில் நான்கு சிறு கிண்ணங்களும் உள்ளன. பட்டறைகளில் இதைக் ‘கிராஸ்’ என்பார்கள். கிண்ணங்களுக்குள் ஊசிகளைப்போன்ற மெல்லிய உருளைகள் அடுக்கப்பட்டிருக்கும்.

இந்த ஊசிகளின் தலைவிதி வேடிக்கையானது. தண்டு முழுச் சுற்றாகச் சுழன்றாலும் ஊசிகள் முழுச் சுற்று உருள்வதில்லை. சில பாகை முன்னும் பின்னும் ஆடுவதோடு சரி. ஆகவே அவை எப்போதும் ஒரே இடத்தையே அழுத்துகின்றன. கிரீஸ் காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் வரிவரியாய்ப் பள்ளம் விழுகிறது. செந்நிறத் துருப்பொடி கிண்ணத்தின் ஓரத்தில் கசிகிறது. முதலில் நிற்கும் காரை நகர்த்தும்போது ஒரே ஒரு ‘டிங்’. பிறகு பின்னோக்கிச் செல்லும்போது ‘டிக், டிக்’. கடைசியில் முன்னோக்கிச் செல்லும்போதும். சில வேளைகளில் தண்டின் ஒரு சுற்றுக்கு இருமுறை ஒலித்து, எண்ணிக்கை 90 ஆவதும் உண்டு. மூட்டு அறவே உடைந்து தண்டின் முன்முனை சாலையில் விழுந்தால், ஓடும் காரையே அது நெம்பித் தூக்கிவிடக் கூடும்.

இங்கே கிளட்ச் நமக்கு உதவும். சமதளச் சாலையில், எஞ்சினை நிறுத்தாமல், கிளட்ச்சை அழுத்திக் காரைத் தானே ஓடவிடுங்கள். தண்டும் சக்கரங்களும் முன்போலவே சுழல்கின்றன. ஆனால் எஞ்சினின் முறுக்கு இல்லை. ஒலி நின்றால், அது முறுக்கைத் தாங்கும் உறுப்பாகிய மூட்டு அல்லது பல்சக்கரத்திலிருந்து வருகிறது. நிற்காவிட்டால் கல், மூடி, நட்டு, டிரம் ஆகியவற்றின் பக்கம் திரும்புங்கள். கிரவுன் சக்கரத்தில் ஒரு பல் உடைந்தாலும் சுற்றுக்கு ஒன்றுதான் ஒலிக்கும். கல்லிலிருந்து அதைப் பிரித்துக்காட்டுவது இந்தச் சோதனையே. பினியனில் பல் உடைந்தாலோ எண்ணிக்கை மூட்டுக்குரியதுபோல் 45 ஆகும்.

திரும்பும்போது மட்டும் ஒலித்தால் டிஃபரன்ஷியலின் உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்களை எண்ணிப் பாருங்கள். நேராகச் செல்லும்போது இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றுவதால், அச்சிறு சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளாமல் கூட்டோடு சேர்ந்து சும்மா சுற்றிவரும். வளைவில் வெளிப்புறச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் அப்போதுதான் அவற்றுக்கு வேலை. ஒரு மைதானத்தில் வட்டமாக, முதலில் வலமும் பிறகு இடமும் ஓட்டினால் உண்மை வெளிப்படும்.

சுழற்சியோடு சேராதவை

மேடுபள்ளத்தில் மட்டும் ஒலித்தால் முதலில் பின்பெட்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, நெம்புகோல், மாற்றுச் சக்கரம் எல்லாவற்றையும்தான். பலருடைய ‘டக்’ இங்கேயே தீர்ந்துவிடுகிறது! அதன்பின் பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ-போல்ட்டுகளையும், முனைகளில் உள்ள ரப்பர்ப் புஷ்களையும் பாருங்கள்.

காரை நிறுத்தியபின் கேட்கும் ‘டிக், டிக்’குக்கு அஞ்ச வேண்டாம். புகைக்குழாய் ஆறுகிறது, அவ்வளவே. எஃகு ஒரு பாகை வெப்பம் குறைந்தால் தன் நீளத்தில் ஏறக்குறையப் பத்து லட்சத்தில் 12 பங்கு சுருங்கும். 3 மீட்டர்க் குழாய் 200 பாகை குளிர்ந்தால் 7 மில்லிமீட்டர் குறுக வேண்டும். பிடிகள் விடுவதில்லை; இழுவிசை மிகும்போது வழுக்கி ஒலிக்கிறது. முதலில் அடுத்தடுத்துக் கேட்டு, ஆற ஆற இடைவெளி நீண்டுகொண்டே போகும். சாவியைத் திருப்பியதுமே, கார் நகருமுன்பே பின்னால் ‘டக் டக்’ என்று கேட்கும் கார்களும் உண்டு. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்.ஜி.பி. காரில் மின்சாரப் பெட்ரோல் பம்பு பின்புறத்தில் இருந்தது. கார்புரேட்டர் நிரம்பியதும் அது தானே ஓயும். ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் டாங்கி காலி என்றோ குழாயில் காற்றுப் புகுகிறது என்றோ பொருள்.

இப்போதைய சிறு கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. அவற்றின் பின்புறத்தில் தண்டுமில்லை, டிஃபரன்ஷியலுமில்லை. ஆகவே 45 என்ற எண் அங்கே பின்னாலிருந்து வராது. சக்கரம், பிரேக், பேரிங், ஸ்பிரிங் என்று சந்தேகம் சுருங்கிவிடுகிறது.

இவ்வளவும் பார்த்தபின் அடியில் நோக்க வேண்டியிருந்தால் ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கலாம். கைப்பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். சோதனைக்காக அதைத் தளர்த்த வேண்டியிருப்பதால் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். காரின் பாரத்தை உறுதியான தாங்கியின் மேல் இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் நுழையாதீர்கள். கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இங்கே ஒரு கணக்கு மாறும்: மறு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், டிஃபரன்ஷியலின் இயல்புப்படி, தூக்கிய சக்கரத்தின் ஒரு சுற்றுக்குத் தண்டு நாலரை முறையன்றி, அதில் பாதியாகிய இரண்டேகால் முறைதான் சுற்றும். மற்றொருவர் சக்கரத்தை மெதுவாகச் சுழற்ற, நீண்ட மரக்கம்பு ஒன்றின் ஒரு முனையை அச்சுக் கூட்டின்மேல் வைத்து மறுமுனையைக் காதருகே பிடித்துக் கேளுங்கள். பாரிஸ் நகர மருத்துவர் லென்னக் 1816-இல் ஒரு காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் இதே தத்துவந்தான். காற்றின் குழப்பம் நீங்கி, ஒலி எந்த இடத்தில் உரத்துக் கேட்கிறது என்பது தெளிவாகும். சக்கரத்தின் பக்கமா, நடுப்பெட்டியின் பக்கமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

நடுப்பெட்டியின் பக்கமானால் அடித் திருகைக் கழற்றி எண்ணெயை ஒரு தட்டில் வடியுங்கள். விரலில் தேய்த்தால் சாம்பல் நிறப் பசைபோல் வருவது இயல்பான தேய்மானம். விரலுக்குத் தட்டுப்படும் பளபளப்பான துண்டு ஒன்று கிடைத்தால் அது பல்லின் முனை. அதன்பின் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக் கூடாது. பட்டறைக்காரரைத்தான் வரவழைக்க வேண்டும்.